அழித்த புள்ளிகள்

அத்தியாயம் பதினான்கு

கண்ணாடிக்காரர் பிழைத்துவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தெருவே பேசிக்கொண்டது. தெருவுக்கு என்ன, பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும், எது எதோடு போயிற்று என்று.

போன வாரம் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கக் குனிந்தவர், குனிந்த வாக்கிலேயே சரிந்தார். கண்ணாடிக்குக் கீறல் இல்லை. ஆள்தான் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இதயத்தின் இடது மேலறையில் ஒரு கட்டி. நடுச்சுவரில் காம்பு விட்டுத் தொங்கிக்கொண்டு, அவர் குனியும்போதெல்லாம் வால்வு வாசலில் வந்து அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. முந்தாநாள் நெஞ்செலும்பை அறுத்து, இதயத்தை நிறுத்தி வைத்து, காம்போடும் வேர் பிடித்த இடத்தோடும் வெட்டி எடுத்தார்கள். வெட்டின ஓட்டைக்கு அவருடைய இதய உறையிலிருந்தே ஒரு துண்டு சவ்வை எடுத்து ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள்.

அவர் மனைவி தொழிலால் பல் டாக்டர். அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயரே அதுதான். ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்த்தவள், இந்த நாலைந்து நாளாகத் தன் வாயைத் திறந்து ஒரு வாய் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை.

அன்று காலை சர்ஜன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"லேப் ரிப்போர்ட் வந்தாச்சு மேடம். கேன்சர் இல்ல. கட்டி சாதுவானதுதான், உட்கார்ந்த இடம்தான் சரியில்ல. அதையும் எடுத்தாச்சு."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "ரொம்ப நன்றி சார்."

"ஒரு விஷயம் கேக்கணும். வழக்கமா இது ஒண்ணுதான் இருக்கும். இவருக்கு ரெண்டு இருந்துது. ரெண்டாவது பின்பக்கச் சுவர்ல, பட்டாணி அளவுக்கு. அதையும் எடுத்துட்டோம். அப்புறம், அவர் உதட்டுல பொடிப் பொடியா புள்ளி இருக்கே, அது எப்பலேர்ந்து?"

"சின்ன வயசுலேர்ந்தே இருக்காம். அவங்க அப்பாவுக்கும் இருந்துதுன்னு சொல்வார்."

"அப்பா எப்படிப் போனார்?"

"திடீர்னுதான். செருப்பு மாட்டக் குனிஞ்சவர் எழுந்திருக்கல. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி." ஒருநாள்கூடப் படுக்கையில் கிடக்காமல் போனார், கொடுத்து வைத்த சாவு என்று அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

சர்ஜன் தலையை மெல்ல ஆட்டினார். "உதட்டோரம், உள் உதடு, கண்ணோட உள் ஓரம். இந்த மூணு இடத்துலயும் புள்ளி. அதோட ஒண்ணுக்கு மேல கட்டி. சில குடும்பத்துல இது வம்சாவளியா வரும் மேடம். வெளியில புள்ளி, உள்ள கட்டி. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா, பிள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. புள்ளி இருக்கிற எல்லாருக்கும் கட்டி வரும்னு இல்ல. ஆனா பார்க்காம விடக் கூடாது. இவருக்கு ரத்த சம்பந்தம் யார் யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல சார். ஒரே பிள்ளை. எங்களுக்கும் குழந்தை இல்ல."

"அப்ப பிரச்சினையே இல்ல," என்றார் சர்ஜன், பேனாவை மூடியபடி.

எழுந்தவள் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். உதட்டோரம், உள் உதடு, கண்ணோட உள் ஓரம். இந்த மூன்று இடத்திலும் புள்ளி வைத்த இன்னொரு முகம் அவளுக்குத் தெரியும். பால்பல் விழுந்த நாளிலிருந்து தெரியும்.

"என்ன மேடம்?"

"ஒண்ணும் இல்ல சார்."

*

வெளியே வரிசை நாற்காலிகளில் பங்காளி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கடையில் அவருக்குச் சரிபாதிப் பங்கு. அதனால் அந்தப் பெயர். உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் ஆபரேஷனுக்கு முதல் ஆளாக ரத்தம் கொடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து வீட்டுக்குப் போகாமல் அந்த நாற்காலியிலேயே கிடக்கிறார். ஒரே ஒரு விசித்திரம், உள்ளே போய் நண்பனை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. "நீ போயிட்டு வா தங்கச்சி, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்பார். குழாயும் ஊசியும் பார்த்தால் பயம் போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

"சர்ஜன் என்ன சொன்னார்?" என்று கேட்டார் பங்காளி.

"கேன்சர் இல்லையாம் அண்ணா."

"பாத்தியா! அவன் நெஞ்சுல கட்டி இருக்கும்னு யாரு கண்டா? இத்தனை வருஷமா நான் அங்க ஒரு கல்லுதான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சிரித்தார். எதற்கும் ஒரு தமாஷ் வைத்திருப்பார் மனுஷர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பார்வை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் போயிருந்தது.

பங்காளியின் ஒரே மகள். கல்யாணமாகி, ஐந்து மாதக் கர்ப்பம், புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான். பெயர் என்னவோ பெரிதாக ஒன்று உண்டு, ஆனால் எல்லோருக்கும் அவள் குட்டிதான். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், படி ஏறி வந்த களைப்பில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது.

"என்ன பெரியம்மா அப்படிப் பாக்குறீங்க? குண்டாயிட்டேனா?"

"கால் எப்பலேர்ந்துடி வீங்குது?"

"அது மாசமா இருந்தா வீங்குமாம். டாக்டர் சொன்னாங்க. மூச்சு வாங்குறதும் அதனாலதானாம். குனிஞ்சா கண்ணு இருட்டுது, அதையும் இதுல சேத்துட்டாங்க. எல்லாப் பழியும் பாவம், உள்ள இருக்கிறவன் தலையில."

"அதான் இந்த வேலைய எனக்குக் குடுத்திருக்கா" என்று பங்காளி நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் ஒரு முட்டி ஊன்றி, மகளின் செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். குட்டி கூச்சத்தோடு அப்பாவின் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

பல் டாக்டர் அவள் உதட்டையே பார்த்தாள். சுத்தமாக இருந்தது. கீழுதட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. ஓரத்தில் இல்லை. உள்ளேயும் இருக்காது. இருக்க விடாமல் செய்தவளே பல் டாக்டர்தானே.

போன வருஷம், கல்யாணத்துக்கு முன்னால், குட்டி கிளினிக்குக்கு வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு புலம்பினாள். "ஆபீஸ்ல புதுசா வர்றவங்க எல்லாரும் 'வாயில காபித்தூள் ஒட்டியிருக்கு'ன்னு டிஷ்யூ நீட்றாங்க பெரியம்மா. கல்யாண போட்டோலயும் இப்படியே நிக்கணுமா?"

அதற்கென்ன, நான் இருக்கிறேன் என்று பெரியம்மா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். மரத்துப்போக ஊசி போட்டு, லேசரை வைத்து, ஒவ்வொரு புள்ளியாகச் சுட்டு எடுத்தாள். உள் உதட்டைப் புரட்டி அங்கே இருந்ததையும் விடவில்லை. கண்ணோரத்தில் இருந்தவற்றை மட்டும், அது தன் எல்லை இல்லை என்று தோல் டாக்டரிடம் அனுப்பினாள். கல்யாணப் பரிசு என்று சொல்லி ஒரு பைசா வாங்கவில்லை. ஆறி முடிந்ததும் கண்ணாடிக் கடைக்கே அழைத்துப்போய், இருப்பதிலேயே பெரிய கண்ணாடியின் முன்னால் நிறுத்தி, "இப்ப பாருங்கடா எங்க பொண்ண!" என்றாள்.

அன்றைக்குப் பங்காளி கை தட்டினார். கண்ணாடிக்காரர் மட்டும், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். "உங்களுக்கும் எடுத்து விடட்டுமா?" என்று இவள் கேட்டதற்கு, "கெடக்கட்டும், எங்கப்பா விட்டுட்டுப் போன சொத்து" என்றார்.

எள் தூவினாற்போல் இருந்த இரண்டு உதடுகள். ஒன்றைத் தினம் எதிரே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். இன்னொன்றை வருஷத்துக்கு இரண்டு தரம் விளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பங்காளியின் வாயையும் பார்த்திருக்கிறாள், அவர் மனைவியின் வாயையும் பார்த்திருக்கிறாள். இரண்டு பேர் உதட்டிலும் மருந்துக்குக்கூட ஒரு புள்ளி கிடையாது. "குட்டிக்கு அப்படியே கண்ணாடிக்காரர் சாயல்" என்று யாராவது சொன்னால், "தூக்கி வளர்த்த பாசம், அதெல்லாம் ஒட்டிக்கும்" என்று இவள்தான் முந்திக்கொண்டு சொல்வாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனசை அதட்டிப் பார்த்தாள். உதட்டில் புள்ளி ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும். மனசு அடங்கவில்லை.

*

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாம் நம்பர் படுக்கை. கையைக் கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள். கண்ணாடிக்காரருக்குத் தொண்டையில் குழாய் இருந்த புண் ஆறவில்லை. குரல் கரகரத்தது.

"டாக்டரே," என்றார். கட்டிய நாளிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"சொல்லுங்க. வலிக்குதா?"

"இல்ல. காலையில சர்ஜன் வந்தார். புள்ளியப் பத்திக் கேட்டார்."

"என்கிட்டயும் கேட்டார்."

பார்வையை மேலே திருப்பிக்கொண்டார். பிறகு, "குட்டிக்கு மூச்சு வாங்குதுன்னு சொன்னாளே, போன மாசம்," என்றார்.

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒரு ஸ்கேன் எடுத்துடேன். சும்மாதான்."

"சும்மா எதுக்கு? உங்களுக்கு ரத்த சம்பந்தம் யாரும் இல்லேன்னு இப்பதான் சர்ஜன்கிட்ட சொல்லிட்டு வர்றேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்க முடியவில்லை. தூக்கக் கூடாது என்று உத்தரவு.

"கூட்டிட்டுப் போ," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உடனே இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிளந்து தைத்தவர்கள் இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போகிற வலி. தலையணை அவள் கையில் இருந்தது. அவர் விரல்கள் அதைத் தேடி விரிந்தன. அவள் கொடுக்காமல் நின்றாள். அவர் முகம் வலியில் கோணிக்கொண்டு போனதைப் பார்த்தபடி நின்றாள்.

அப்புறம் கொடுத்தாள். இருமி முடிக்கும்வரை தலையணையின் மேல் தன் கையையும் வைத்து அழுத்திப் பிடித்தாள். முப்பது வருஷத்துப் பழக்கம், கை தானாகப் போய்விடுகிறது. ஆனால் கொடுக்காமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் இன்னும் கொஞ்சம் துடிக்கட்டும் என்றுதான் நினைத்தாள். அதற்காக வெட்கப்படவும் இல்லை.

வராந்தாவுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை இல்லை என்று ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. எல்லாச் சோதனையும் முடிந்து, குறை அவளிடம்தான் என்று தெரிந்த அன்று, கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதவளின் முதுகைத் தடவிக்கொடுத்து இவர் சொன்னார்: "நமக்குன்னு ஒண்ணு பொறந்தாதானா? அதான் குட்டி இருக்காளே." எப்பேர்ப்பட்ட மனசு என்று அதை இத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்துக் கொண்டாடியிருக்கிறாள். நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். குட்டியின் அம்மா ஒருத்தி இருக்கிறாளே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, இவ பல்லக் கொஞ்சம் பாருங்க" என்று இதே இவளிடம் நீட்டியவள், அவள் இந்த நிமிஷம் கடையில் கல்லா முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. ஆனால் இந்த விஷயத்தில் இருண்டுதான் போகும். குட்டியை எந்த டாக்டர் பார்த்தாலும் சந்தேகப்பட ஓர் அடையாளம் இருந்தது. அதை இவள் கையாலேயே சுட்டு எடுத்தாகிவிட்டது. இனிமேல் அந்தப் புள்ளிகள் இருக்கிற ஒரே இடம் இவளுடைய மண்டைக்குள்தான்.

செருப்பு மாட்டக் குனிந்து எழுந்திருக்காத மாமனார் ஞாபகம் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நாற்காலி வரிசைக்கு நடந்தாள்.

"குட்டி, எழுந்திரு. கீழ ஒரு எக்கோ எடுத்துட்டு வந்துடலாம்."

"எனக்கா? எதுக்கு பெரியம்மா?"

"மூச்சு வாங்குதில்ல. வயித்துக்குப் பாக்குற மாதிரியேதான், நெஞ்சுக்குப் பாப்பாங்க. வலிக்காது. குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது."

"நல்ல யோசனை," என்றார் பங்காளி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு. "வந்தது வந்தோம், இந்த ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்சம் மொய் எழுதிட்டுப் போவோம்."

*

ஸ்கேன் அறை சின்னது. ஒரு மூலையில் திரை போட்டுப் படுக்கை, மெஷின். இந்தப் பக்கம் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. ஸ்கேன் டாக்டர் இளவயசுப் பெண், பேச்சில் கெட்டிக்காரி. குட்டியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளிர்ந்த களிம்பைத் தடவி, "அடுத்த தடவை சூடா வெச்சுத் தர்றேன்" என்று சிரித்துக்கொண்டே கருவியை நெஞ்சில் வைத்தாள்.

பிறகு அவள் சிரிக்கவில்லை.

பல் டாக்டருக்கு இதயத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் போன வாரம் புருஷனுடைய இதயத்தைத் திரையில் பார்த்தவள். இங்கேயும் இருட்டான ஓர் அறைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று ஒவ்வொரு துடிப்புக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது. போவதும் வருவதுமாக, வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"பெரியம்மா, என்ன தெரியுது? ஹார்ட் இருக்கா?" என்றாள் குட்டி.

"இருக்குடி. பேசாம படு."

ஸ்கேன் டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தாள். முடித்ததும் குட்டியிடம் டவலைக் கொடுத்து, "மெதுவா துடைச்சுட்டு வாங்கம்மா, அவசரமில்ல. வந்ததும் உங்ககிட்டயே சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டு வந்தாள். மேஜைக்கு எதிரே பங்காளியும் பல் டாக்டரும் உட்கார்ந்தார்கள்.

"சில கேள்வி மட்டும் முதல்ல கேட்டுக்கறேன். இதயத்துல வலது மேலறையில ஒண்ணு இருக்கு. ரத்தக்கட்டியா இருக்கலாம். கர்ப்ப காலத்துல ரத்தம் சீக்கிரம் உறையும். கால்ல உறைஞ்சது மேல வந்து அங்க தங்கியிருக்கலாம். இந்த வயசுல, இந்த இடத்துல, முதல்ல அதைத்தான் நெனைக்கணும்."

பங்காளியின் முகத்திலிருந்து தமாஷ் எல்லாம் வடிந்து போயிருந்தது. "கரைஞ்சுடுமா டாக்டரம்மா?"

"ஊசி போட்டு ரெண்டு மூணு வாரம் பாக்கலாம். குடும்பத்துல யாருக்காவது இதயத்துல கட்டி வந்திருக்கா?"

"இல்லம்மா. என் பக்கத்துலயும் இல்ல, அவ அம்மா பக்கத்துலயும் இல்ல."

திரைக்குப் பின்னாலிருந்து குட்டியின் குரல் வந்தது. "ஏன்ப்பா, பெரியப்பாவுக்கு இருந்துதே? மேல ஐ.சி.யூ.வுல இருக்காரு டாக்டர், முந்தாநாள்தான் ஆபரேஷன்."

ஸ்கேன் டாக்டர் நிமிர்ந்தாள். "பெரியப்பாவா? உங்களுக்குக் கூடப் பொறந்தவரா சார்?"

"இல்லம்மா," என்றார் பங்காளி. "பாசத்துக்குக் கூப்பிடுறதுதான். என் கூட்டாளி. ரத்த சம்பந்தமெல்லாம் கிடையாது."

"ஓ. அப்ப சரி. இருந்திருந்தா கதையே வேற." அவள் எழுத ஆரம்பித்தாள்.

"வேறன்னா?" என்று கேட்டாள் பல் டாக்டர். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

ஸ்கேன் டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டாள். "வம்சாவளியா வர்ற கட்டி சில சமயம் இந்த மாதிரி வேற இடத்துலதான் உட்காரும் மேடம். அதுன்னா ஊசியில கரையாது. காத்திருக்கறதும் ஆபத்து. வால்வ அடைக்கும், இல்ல துண்டு ஒடைஞ்சு நுரையீரலுக்குப் போகும். உடனே நெஞ்சத் திறக்கணும். இதயத்த நிறுத்தி, மெஷின்ல போட்டு ஆபரேஷன் பண்ணும்போது தாய் பெரும்பாலும் தாங்கிடுவாங்க. வயித்துல இருக்கறது தாங்கும்னு சொல்ல முடியாது. அதனால சும்மா சந்தேகத்துக்கெல்லாம் அதைச் செய்ய மாட்டோம்."

பங்காளி மேஜை விளிம்பைப் பிடித்திருந்தார். நகம் வெளுத்திருந்தது.

பல் டாக்டர் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் ஒரு குழந்தை போனாலும் போய்விடும். திறக்காவிட்டால் குட்டி போய்விடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷர், புருஷனுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உறங்குகிறவர், உண்மை தெரிந்தால் இன்றைக்கே செத்துவிடுவார். ரத்தக்கட்டியாகவே இருந்தால்? இருக்கலாமே. டாக்டரே சொல்கிறாளே. ஊசி போட்டுப் பார்க்கட்டுமே.

ரெண்டு மூணு வாரம். அதற்குள் குட்டி எத்தனை தரம் குனிவாள்?

"டாக்டர்," என்றாள். "அவ உதட்டுல புள்ளி இருந்துது. இப்ப உங்களுக்குத் தெரியாது. நான்தான் லேசர் வெச்சு எடுத்தேன்."

பேனா நின்றது. "என்ன மாதிரிப் புள்ளி?"

"பழுப்புப் புள்ளி. உதட்டோரம், உள் உதடு, கண்ணோட உள் ஓரம். மேல இருக்கிறவருக்கு எங்கெங்க இருக்கோ, அங்கெல்லாம்."

"மேல இருக்கிறவர்?"

"என் வீட்டுக்காரர். அவருக்கு ரெண்டு கட்டி எடுத்தாங்க. சர்ஜனக் கேளுங்க."

ஸ்கேன் டாக்டர் அவளைப் பார்த்தாள். பிறகு பங்காளியைப் பார்த்தாள். "சார், ரத்த சம்பந்தம் இல்லேன்னு சொன்னீங்களே?"

பல் டாக்டர் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. நாற்காலி தள்ளப்படும் சத்தத்துக்காக, ஒரு கத்தலுக்காக, கன்னத்தில் ஓர் அறைக்காகக்கூடக் காத்திருந்தாள். மெஷினின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதிக்கம்மா," என்றார் பங்காளி. குரல் உயரவில்லை. "இருக்கு. அவளப் பெத்தவனுக்கு இருந்துது. மேல மூணாம் நம்பர் படுக்கை. என்ன செய்யணுமோ இன்னிக்கே செய்யுங்க."

பல் டாக்டர் திரும்பினாள்.

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் தங்கச்சி," என்றார் அவர், மேஜையைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

"எனக்கு அவ பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

அப்படியானால் தெரியாதவள் அவள் ஒருத்திதான். இரண்டு வீட்டுக்கும் பல் பார்த்து, கல்யாணப் பரிசு என்று புள்ளியையும் துடைத்துக் கொடுத்தவள். அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் கிளம்பியது. அதை அவள் வெளியே விடவில்லை, ஏனென்றால் அப்போதுதான் மூவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. திரைக்கு அந்தப் பக்கம், டவல் உரசும் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

திரை வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. குட்டி நின்றாள். சட்டையின் மேல் பொத்தான் போடப்படவில்லை. கழுத்தில் களிம்பு மினுங்கியது. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. கால் வெறுங்காலாக இருந்தது.

ஸ்கேன் டாக்டர் எழுந்து நின்றாள்.

பங்காளி என்ன செய்வதென்று தெரியாமல், தினமும் செய்வதையே செய்தார். நாற்காலியிலிருந்து இறங்கி, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, படுக்கைக்கு அடியில் கையை விட்டு அவளுடைய செருப்பை எடுத்தார். தூசியைத் தன் வேட்டியில் துடைத்தார். அவள் காலடியில் வைத்து, மாட்டிவிடக் கையை நீட்டினார்.

குட்டி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். செருப்பை எடுக்கத் தானே குனிந்தாள்.

"குனியாதடி!" என்று கத்திக்கொண்டு பல் டாக்டர் எழுந்து ஓடினாள்.